மீதியை என்ன செய்வது?

தொடக்கப் பள்ளியில் நாம் கற்ற வகுத்தல் கணக்குக்கு ஈவு என்றும் மீதி என்றும் இரண்டு விடைகள் உண்டு. ஈவைக் கண்டவுடன் மனம் நிறைந்துவிடுகிறது. மீதியை ஓரமாக எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். சிலேட்டுப் பலகையில் அது போதும். மரத்தையும் இரும்பையும் கல்லையும் கொண்டு ஒன்றைச் செய்யப் புகும்போதுதான் மீதியின் இயல்பு தெரிகிறது. அது ஓரமாக ஒதுங்கி நிற்பதில்லை. ஏதேனும் ஓர் இடத்தில் இடைவெளியாகவோ இடுக்காகவோ வெட்டுத்துண்டாகவோ வந்து நிற்கவே செய்யும்.

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறி வரைபடத்தைப் பற்றி எழுதலாமா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். காரணம் இருப்பதால்தான் எழுதுகிறேன். அந்தக் காரணம் என் குடும்பத்திலேயே நிகழ்ந்தது.

வாலிநோக்கத்தில் என் ராத்தாவின் வீடு கடலைப் பார்த்து நிற்கும் மாடிவீடு. மச்சான் பல ஆண்டுகள் சபரில் இருந்து சேர்த்த பணத்தில் கட்டியது. மாடித் தாழ்வாரத்தில் தூண்களுக்கு நடுவே இரும்புக் கிரில் பொருத்த ஏற்பாடாயிற்று. தூணுக்குத் தூண் 46 அங்குலம். அரை அங்குலச் சதுரக் கம்பிகளைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். கம்பிக்குக் கம்பி இடைவெளி 4 அங்குலம். இவ்வளவுதான் பேச்சு. பட்டறை நடத்திய இளைஞர் கணிப்பொறியில் வரையக் கற்றவர். கம்பி அரை அங்குலம், இடைவெளி 4 அங்குலம், ஆக 4½ அங்குலத்துக்கு ஒரு கம்பி என்று கட்டளையிட்டார். கணிப்பொறியும் இடப்பக்கத் தூணிலிருந்து தொடங்கிக் கம்பிகளை அடுக்கிக்கொண்டே போய்ப் பத்தாவது கம்பியோடு நின்றது. அந்தக் கம்பிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே எஞ்சியது 1 அங்குலம். பார்வைக்கு அது நன்றாக இல்லை. அத்தோடு, அந்த இடுக்கில் வர்ணம் அடிக்கும் பிரஷ் நுழையாது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் வர்ணம் ஏறாத இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இளைஞர் யோசித்தார். பத்தாவது கம்பியை நீக்கிவிட்டார். படம் அழகாகிவிட்டது. கடைசி இடைவெளி மட்டும் 5½ அங்குலம் ஆகிவிட்டது.

ராத்தாவின் பேரனுக்கு அப்போது இரண்டரை வயது. கடலில் போகும் வத்தையைப் பார்க்க அந்த இடைவெளியில் தலையை நுழைத்தவனால் மீண்டும் இழுக்க முடியவில்லை. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். பிள்ளை அலற, ராத்தா அலற, தெருவே மாடிக்கு வந்துவிட்டது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் ஆக்சா பிளேடால் கம்பியை அறுத்து எடுத்தார். பிள்ளைக்குக் காதோரம் சிராய்ப்போடு போயிற்று.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன் என்பதை மறைப்பதற்கில்லை. அந்த இளைஞர் குனிந்த தலையோடு சொன்னார்: “சார், நான் 4 அங்குலம் என்றுதான் கொடுத்தேன். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டேன்.”

அந்தச் சொற்களைக் கேட்டதும் என் கோபம் வேறு பக்கம் திரும்பிற்று. அவருக்குக் கட்டளைகளைக் கற்பித்தவர்கள் மீதியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. கணக்கோ மிக எளிது. பத்துக் கம்பிகள் 5 அங்குலம் இரும்பை அடைக்கும். எஞ்சும் 41 அங்குலத்தைப் பதினோரு இடைவெளிகளுக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் 3¾ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். இடுக்கும் இல்லை, வாயும் இல்லை. கம்பியும் அதே பத்துத்தான். மீதியை ஒருவன் தலையில் கட்டாமல் எல்லாருக்கும் பகிர்ந்ததுதான் வேறுபாடு.

இந்த வசதி கணிப்பொறியில் இல்லாமலில்லை. ஓர் உறுப்பை ஒரு முறை வரைந்து அதையே வரிசையாகப் பல படிகளாக்கும் கருத்து மிகப் பழையது. 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலிலேயே அது இருந்தது. மூலப்படத்தை மாற்றினால் படிகள் அனைத்தும் தாமே மாறும். இன்ன கோடு இன்ன கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளையும் அதற்கு விதிக்கலாம். 1982-இல் வெளிவந்த ஆட்டோகேட் வரைபலகையை மேசைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தது. 1988 அளவில் வந்த ப்ரோ-இன்ஜினியர், அளவுகளைச் சூத்திரங்களால் பிணைக்கும் முறையைப் பரவலாக்கிற்று. நீளம் மாறினால் எண்ணிக்கையும் மாறும். அதாவது 46 அங்குலத் தாழ்வாரத்துக்கு ஒரு தடவை விதி எழுதிவிட்டால், 52 அங்குலத்துக்கும் 70 அங்குலத்துக்கும் கணிப்பொறியே கம்பிகளைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்துவிடும். படிக்கட்டுக் கைப்பிடி, கூரையின் குறுக்குச் சட்டங்கள், சரக்கு நகர்த்தும் உருளைகள் எனத் தொழிற்சாலைகள் இதனால் அடைந்துள்ள பயன் பெரிது. ஒரு வாரம் வரைந்ததை ஒரு மணிநேரத்தில் வரைகிறார்கள். இதைப் பழிப்பவர் கட்சியில் நான் இல்லை.

ஆயினும் ஆட்டோகேட்டிலேயே ‘டிவைட்’, ‘மெஷர்’ என இரண்டு தனிக் கட்டளைகள் இருப்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் நின்று எண்ணிப் பார்த்திருப்பார்கள்? முன்னது நீளத்தை இத்தனை சம பாகமாகப் பங்கிடு என்று கேட்கும். அங்கே மீதி இல்லை. இடைவெளி எப்படி வேண்டுமானாலும் வரும். பின்னது இந்த இடைவெளியில் அளந்துகொண்டே போ என்று கேட்கும். அங்கே இடைவெளி மாறாது. மீதி கடைசியில் வந்து நிற்கும். பிந்திய பதிப்புகளில் பாதையின் நீளம் மாறும்போது எண்ணிக்கை தானே மாறும் வரிசை வசதியும் இவ்விரு வழிகளையும் வைத்துக்கொண்டுதான் நம்மைக் கேட்கிறது. எந்த வழி என்று தேர்வு செய்வது மென்பொருளின் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. அது கேட்கிறது. நாம்தான் படிக்காமல் ‘சரி’ என்பதை அழுத்துகிறோம்.

தேர்வு செய்வதற்கு ஒரே ஒரு கேள்வி போதும். கொடுக்கப்பட்ட இடைவெளி மேல் எல்லையா, கீழ் எல்லையா?

கிரில்லில் அது மேல் எல்லை. அதற்கு மேல் போகக் கூடாது. அமெரிக்கக் கட்டட விதிகள் 4 அங்குல உருண்டையும், இங்கிலாந்து விதிகள் 100 மில்லிமீட்டர் உருண்டையும் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நுழையக் கூடாது என்கின்றன. பச்சிளம் பிள்ளையின் தலையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. ஆகவே வகுத்துப் பின்னம் வந்தால் ஈவை மேலே ஏற்ற வேண்டும். பீமுக்குள் கட்டும் ரிங்குகளுக்கும் இதுவே முறை. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 456 (2000) விதிப்படி செங்குத்து ரிங்குகளின் இடைவெளி 300 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. பீமின் பயனுறு ஆழத்தில் முக்கால் பங்கையும் தாண்டலாகாது. ரிங் கட்ட வேண்டிய நீளம் 4 மீட்டர் என்றால் 4000-ஐ 300-ஆல் வகுக்க 13.33 வரும். பதின்மூன்று என்று இறக்கினால் இடைவெளி 307 மில்லிமீட்டரைக் கடந்துவிடும். பதினான்கு இடைவெளி, பதினைந்து ரிங்குகள் வேண்டும்.

அந்தப் பதினைந்தைக் கவனிக்க வேண்டும். இடைவெளிகளை விட நிற்பவை எப்போதும் ஒன்று கூடுதல், இரு முனையிலும் சுவரோ தூணோ இருந்தால் ஒன்று குறைவு. சிறு விஷயம் என்று தோன்றும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலில், கோயிலின் நீளப்பக்கத்துக்கு இடைவெளிகளை இரட்டிப்பதற்குப் பதிலாகத் தூண்களை இரட்டித்துவிட்டவர்கள் ஓர் இடைவெளி அதிகமாகக் கட்டிவிட்டதைக் குறை சொல்லியிருக்கிறார். அதே பிழையைத்தான் நம் மாணவரும் தேர்வுத்தாளில் செய்கிறார். குற்றம் பழைமையானது என்பதால் மதிப்பெண் கிடைப்பதில்லை.

இனி எதிர்ப்பக்கம். பள்ளிவாசலில் தொழுகை வரிசைக்குக் கோடு போடும் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். 30 அடி ஆழமுள்ள மண்டபம். ஒரு வரிசைக்கு 4 அடியாவது வேண்டும். வகுத்தால் ஏழரை வரும். எட்டு என்று ஏற்றினால் ஒருவர் நெற்றி முன்னவரின் குதிகாலில் முட்டும். ஏழு என்று இறக்கி, எஞ்சும் 2 அடியைப் பகிர்ந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் 4 அடி 3 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். வேண்டாம் என்றால் அந்த 2 அடியை மொத்தமாகப் பின்னால் விட்டு நடைவழியாக்கலாம். இங்கே 4 அடி என்பது கீழ் எல்லை. நம் மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தில் சுமார் 25 லட்சம் தகடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு வரிசையின் நிழல் அடுத்ததன் மேல் விழலாகாது என்பதால் அத்தகைய இடங்களில் வரிசை இடைவெளி கீழ் எல்லைதான். இரும்புச் சட்டங்களில் போல்ட்டுக்குப் போல்ட் தூரம் அதன் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்காவது இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 800 (2007). அதுவும் கீழ் எல்லையே. ஆனால் அதே நூல் போல்ட்டுக்கு மேல் எல்லை ஒன்றையும் விதித்திருக்கிறது. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே எந்த எண்ணிக்கை பொருந்தும் என்று தேடுவது கணிப்பொறிக்குக் கண் இமைக்கும் வேலை. எல்லை இரண்டு உண்டு என்று சொல்லிக்கொடுப்பது நம் வேலை.

பிழை கணிப்பொறியின் பக்கத்திலிருந்தும் வரலாம். அது பத்தின் அடிப்படையில் எண்ணுவதில்லை. இரண்டின் அடிப்படையில் எண்ணுகிறது. ஆகவே 0.3-ஐ 0.1-ஆல் வகுத்தால் வழக்கமான முறையில் அதற்குச் சரியாக 3 கிடைப்பதில்லை, 2.9999… என்று ஏதோ ஒன்று கிடைக்கிறது. பின்னத்தை நீக்கு என்று சொல்லியிருந்தால் அது 2 என்று விடை தந்துவிடும். மூன்றாவது கம்பி காணாமற்போகும். இதை அறிந்தவர்கள் சூத்திரத்தில் மிகச் சிறிய தொகை ஒன்றைக் கூட்டிவிட்டு இறக்குவார்கள். அறியாதவர்கள் மென்பொருள் கெட்டுவிட்டது என்பார்கள்.

மீதியைப் பகிர்வதே எப்போதும் நியாயம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் கண்கள் பெரும்பாலும் ஒரே அளவானவை, 40 அடி. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது இப்பாலத்தின் இரும்புத் தளங்கள் பெருமளவு கடலில் விழுந்தன. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் மீண்டும் எழுந்தது. கடலடியிலிருந்து மீட்ட தளங்களையே திரும்பவும் தூக்கி வைத்தார்கள். எந்தத் தளம் எந்தக் கண்ணுக்கு உரியது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிய நிலை இல்லாததற்கு, அளவு ஒன்றாக இருந்ததே காரணம். கண்களை ஆளுக்கோர் அளவாக வகுத்திருந்தால் அந்த வேகம் வாய்த்திருக்குமா?

2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 18.3 மீட்டர்க் கண்கள் 99. கப்பல் போக நேராக மேலே தூக்கும் கண் ஒன்று, 72.5 மீட்டர். 18.3 மீட்டர் என்பது 60 அடி. பழைய மூன்று கண்களின் நீளம் புதிய இரண்டு கண்களின் நீளத்துக்குச் சரியாக இருக்கிறது. அந்த ஒற்றைப் பெரிய கண் வகுத்து எஞ்சிய மீதி அன்று. கப்பல் செல்லும் கால்வாய் முதலில். மற்றவை அதற்கு இரு பக்கமும் அடுக்கப்பட்டவை. கணிப்பொறி ஒரு முனையிலிருந்து அடுக்கிக்கொண்டு வந்தால் கால்வாயின் நடுவில் ஒரு தூண் வந்து நிற்கக்கூடும். எங்கிருந்து தொடங்குவது என்பதே பாதி விடை. தாழ்வாரத்துக்குத் தூணிலிருந்து தொடங்கலாம். பாம்பனுக்குக் கால்வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சில இடங்களில் சம இடைவெளியே பிழையாகிவிடும். வாலிநோக்கம் கரையில் பழைய கப்பல்கள் உடைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. வெளித்தகடு அறுக்கப்பட்டபின் உள்ளே விலா எலும்பு போல் வரிசையாகச் சட்டங்கள் தெரியும் காட்சியை ஊர்ப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். நடுப்பகுதியில் அவை ஓர் இடைவெளியிலும், முன்முகத்திலும் பின்முனையிலும் நெருக்கமாகவும் இருப்பது கப்பல் கட்டுவோர் மரபு. அலை அறைவது முகத்தில்தானே! மரக்கலம் செய்யும் நம் ஓடாவிகளிடமும் இதே அறிவு உண்டு. எந்த நூலையும் பார்த்து அவர்கள் அதைக் கற்கவில்லை. வரிசையைச் சமமாக நிரப்பும் கட்டளைக்கு அலை எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாது.

முதிய ஓடாவி ஒருவரிடம் இந்தக் கிரில் கதையைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு ஒரு பலகைத் துண்டை எடுத்தார். “தம்பி, இது ஏழே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. இதை எட்டாப் பிரி பார்ப்போம்.” நான் தாளும் பேனாவும் தேடினேன். அவர் அங்குலக் கோலைப் பலகையின் குறுக்கே சாய்த்து வைத்தார். ஒரு விளிம்பில் பூச்சியம், மறு விளிம்பில் எட்டு விழும்வரை சாய்த்தார். ஒவ்வோர் அங்குலக் கோட்டுக்கு நேரேயும் ஒரு புள்ளி வைத்தார். பலகை எட்டுச் சம பாகமாகப் பிரிந்துவிட்டது. வகுத்தலும் இல்லை, பின்னமும் இல்லை, மீதியும் இல்லை. ஒத்த முக்கோணம் என்று பத்தாம் வகுப்பில் நாம் உருப்போட்டது இதைத்தான். அவர் பத்தாம் வகுப்பு வாசலை மிதித்தவரல்லர்.

நம் துறையின் பக்கமும் சற்றுத் திரும்பலாம். யாப்பிலக்கணம் என்பது என்ன? அடியின் நீளம் முதலில் வகுக்கப்பட்டுவிடுகிறது. அதற்குள் சீர்களைப் பொருத்த வேண்டும். சொல் போதாமல் ஓசை குறையும் இடத்தில் நெட்டெழுத்து நீண்டு ஒலித்து அதை நிறைக்கும். செய்யுளிசை அளபெடை என்கிறோம். இசைநிறை அளபெடை என்றும் பெயர். ஆனால் கண்ட எழுத்தையெல்லாம் நீட்டிவிட இலக்கணம் இடம் தரவில்லை. உயிரளபெடைக்கு உரியவை எவை, சொல்லின் எந்த இடத்தில் அவை அளபெடுக்கும் என்று வரையறுத்து, நன்னூல் அவற்றை 21 என்று எண்ணிக் காட்டுகிறது. வெண்பாவின் ஈற்றடியோ முச்சீரோடு நிற்கிறது. அதன் கடைசிச் சீரும் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுக்குள் அடங்க வேண்டும். நடுவில் வரும் உறுப்பு வேறு, முடிக்கும் உறுப்பு வேறு. நீளத்துக்கேற்ப உறுப்பு எப்படி நெகிழலாம், எப்படி நெகிழலாகாது என்பதை இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்த மொழியைப் படிக்கும் மாணவருக்கு, கணிப்பொறிக்கு ஒரு விதி எழுதித் தருவது அரிய செயலாக இருக்கலாகாது.

இங்கேதான் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கடற்கரை ஊர்களின் பிள்ளைகளில் கணிசமானோர் வரைபடம் கற்றுக்கொண்டு வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். குழாய், இரும்புச் சட்டம், கைப்பிடி, ஏணி என்று வரைந்து குடும்பத்தைத் தாங்குகிறார்கள். மூன்று மாதப் பயிற்சியில் அவர்கள் கற்பது கட்டளைகளின் பெயர்கள். அந்தக் கட்டளைகளோ ஆண்டுக்கு ஆண்டு தாமே இயங்கக் கற்றுக்கொண்டிருக்கின்றன. நேற்றுவரை ஒருவர் உட்கார்ந்து எண்ணி அடுக்கிய கம்பிகளை இன்று நீளத்தைச் சொன்னாலே மென்பொருள் அடுக்கிவிடுகிறது. எண்ணி அடுக்குவது மட்டுமே தெரிந்தவருக்கு அடுத்த விசா ஐயத்துக்குரியது. எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது, எங்கிருந்து தொடங்குவது, மீதியை எவர் தலையில் வைப்பது என்று தெரிந்தவரைத் தேடி நிறுவனங்கள் வரும். இந்த இரண்டாவது அறிவை மூன்று மாதப் பயிற்சிக்கூடம் தராது. கல்லூரி தரலாம், தரவில்லை.

தராததற்கு ஒரு காரணம் மொழி. பிள்ளைகள் ஆங்கிலத்தில் கட்டளையை மனப்பாடம் செய்கிறார்கள். காரணத்தைத் தமிழில் யோசிக்கிறார்கள். இரண்டும் சந்திப்பதே இல்லை. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கியபோது, கலைச்சொல் போதுமா என்ற வாதமே பெரிதாக நடந்தது. கலைச்சொல்லை அகராதியில் மட்டுமே தேடுகிறவர்களுக்கு அது போதாதுதான். வாலிநோக்கம், மாரியூர் உப்பளங்களில் பாத்தி வகுப்பவர், வத்தை செய்யும் ஓடாவி, கொத்தனார், கம்பி கட்டுபவர் ஆகியோர் வாயில் இடைவெளிக்கும் இடுக்குக்கும் எஞ்சிய துண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உலவுகின்றன. அவற்றைத் திரட்டும் பணியைத் தமிழ்த்துறை எடுத்துக்கொள்ளாவிட்டால் வேறு எந்தத் துறையும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நாட்டுப்புறப் பாடலைத் திரட்டினோம், தாலாட்டைத் திரட்டினோம், நல்லது. ஓடாவியின் கோல் சாய்வதை ஒருவரும் எழுதவில்லை.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்வேன். வரைபட வகுப்பில் வரிசைக் கட்டளையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தாளிலும் மாணவர் ஓர் ஓரத்தில் ஒரே ஒரு தமிழ் வாக்கியம் எழுத வேண்டும். மீதி எங்கே போகிறது, ஏன் அங்கே போகிறது. அதை எழுத முடியாதவருக்கு அந்தத் தாளில் மதிப்பெண் கூடாது. இது பழமைவாதம் என்று சில இளம் ஆசிரியர்கள் சொல்லக்கூடும். பொத்தான் இருக்கும்போது வாக்கியம் எதற்கு என்பார்கள். பொத்தானை உருவாக்கியவர்களும் முதலில் ஒரு வாக்கியத்தைத்தான் எழுதினார்கள். பிறகே அது சூத்திரமாயிற்று. மறுபுறம், கணிப்பொறி வந்துதான் கைத்தொழில் கெட்டது என்னும் பெரியவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஓடாவியின் சாய்ந்த கோலை ஒரு விதியாக எழுதிக் கொடுத்தால் அதே கணிப்பொறி அதை ஆயிரம் பலகைகளுக்குப் பிழையின்றிச் செய்யும். எழுதிக் கொடுக்க நாம்தான் இல்லை.

அந்தப் பட்டறை இளைஞர் பணம் எதுவும் வாங்காமல் ராத்தா வீட்டுக் கிரில்லை மாற்றிக் கொடுத்தார். புதுப் படத்தோடு என்னிடம் வந்தார். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘4 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. மீதி எல்லா இடைவெளிக்கும் பங்கு.’ எழுத்துப் பிழை ஒன்று இருந்தது; நான் திருத்தவில்லை. பிறகு தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

“மாடிப்படிக் கைப்பிடிக்கும் இதே விதிதானா, சார்? படி சாய்வாக ஏறுகிறது. நீளத்தைச் சாய்வில் அளப்பதா, கிடையாக அளப்பதா?”

எனக்கு உடனே விடை தெரியவில்லை. அன்று அஸருக்குப் பிறகு ஓடாவியையும் அழைத்துக்கொண்டு மூவருமாக ராத்தா வீட்டுப் படிக்கட்டின் கீழே நின்றோம். அவர் அங்குலக் கோலை முதலில் சாய்வில் வைத்துப் பார்த்தார். தலையை அசைத்துவிட்டுக் கிடையாகத் திருப்பினார். “கம்பி நேரா நிக்கிதுல்ல? பிள்ளை தலை குறுக்கால தானே போகும்” என்றார்.